மார்கேட் ஸ்டீமர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து உறவினர் யார் லண்டனுக்கு வந்தாலும் ஒரு நாள் மார்கேட்டுக்குக் கூட்டிப்போவேன். கடற்கரையில் நின்றபடி, லண்டனிலிருந்து இந்த ஊருக்கு ஆட்களை ஏற்றிவந்த ஸ்டீமர்களின், அதாவது நீராவிக் கப்பல்களின், கதையை ஆரம்பித்தால் போதும், சித்தப்பா கேட்ட சந்தேகத்தையே அடுத்த வருஷம் வந்த அத்தையும் கேட்பார். அதற்கடுத்த வருஷம் நண்பன் அதையே கேட்பான். திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மார்கேட் எங்க இருக்கு? அதுக்கும் ஸ்டீமருக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. லண்டனிலிருந்து சாலையில் நூறு கிலோமீட்டர் சொச்சம். தேம்ஸ் நதி கடலில் கலக்கும் அகலமான முகத்துவாரத்தைத் தாண்டியதும் தெற்குக் கரையில் வரும் ஊர். அதனால் லண்டன் பாலத்தடியில் படகேறினால் வழி கேட்காமலே வந்துவிடலாம். நதிதான் சாலை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கடல்நீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மணல் கடற்கரையும் நேரான நீர்வழியும் ஒரே இடத்தில் அமைந்ததால், மீன்பிடி ஊராக இருந்த மார்கேட் குளியல் ஊராக மாறியது. லண்டன் ஏழை நோயாளிகளுக்காகவே ஒரு கடற்குளியல் மருத்துவமனை 1791ல் இங்கே தொடங்கப்பட்டது. ஸ்டீமர் வந்து இந்த ஊரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கூட்டத்தைப் பல மடங்காக்கியது, அவ்வளவுதான்.

ஸ்டீமருக்கு முன்னாடி எப்படிப் போனாங்க? குதிரை வண்டியா?

காசு இருந்தவர்கள் குதிரை வண்டியில் போனார்கள். மற்றவர்களுக்கு 'ஹோய்' என்ற ஒற்றைப் பாய்மரப் படகு. தானியமும் சரக்கும் லண்டனுக்கு ஏற்றிப்போன படகு, திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். கட்டணம் குறைவு. சௌகரியமும் அப்படியே.

காற்று சாதகமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். எதிர்க்காற்று அடித்தால் நடுவழியில் நங்கூரம் போட்டு ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். கிளம்பும் நேரம் தெரியும், சேரும் நேரம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஸ்டீமர் ஏன் அவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனது என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வேகத்தைவிட நேரம் தவறாமைக்குத்தான் மதிப்பு அதிகம். சனிக்கிழமை போய்விட்டுத் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்ப முடியும் என்ற நிச்சயம் ஹோய் தராத ஒன்று.

முதல் ஸ்டீமர் எது, எந்த வருஷம்?

1815. அந்த வருஷம் ஜனவரியில் 'மார்ஜரி' என்ற சிறு ஸ்டீமர் லண்டனுக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அது மார்கேட் வரை போகவில்லை, நதிக்குள்ளேயே சுற்றி வந்தது. அதே வருஷக் கோடையில் 'தேம்ஸ்' என்ற கப்பல் லண்டன்–மார்கேட் ஓட்டத்துக்கு வந்தது.

அந்த 'தேம்ஸ்' ஸ்காட்லாந்தில் கட்டியது. கிளாஸ்கோவிலிருந்து டப்ளின் வழியாகத் தென்மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு, திறந்த கடலில் பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றியபடியே லண்டன் வந்து சேர்ந்தது. நதியில் ஓடும் பொம்மை என்று ஸ்டீமரை நினைத்திருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். கொசுறாக ஒரு தகவல்: முன்னே சொன்ன மார்ஜரியை அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரர்கள் வாங்கி, 'எலீஸ்' என்று பேர் மாற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் அதுதான்.

பாய்லர் வெடிச்சிடும்னு ஜனங்க பயப்படலையா?

பயந்தார்கள், காரணத்தோடுதான் பயந்தார்கள். 1817 ஏப்ரலில் நாரிச் ஊரில் ஒரு ஸ்டீமரின் பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். அந்தப் பாய்லரில் ஒரு பக்கத்தை வார்ப்பிரும்பில் செய்திருந்தார்கள். வார்ப்பிரும்பு வளையாது, நெளியாது, சட்டென்று உடையும். உடனே நாடாளுமன்றம் குழு போட்டு விசாரித்தது. பயணிகள் கப்பலின் பாய்லரைத் தேனிரும்பிலோ செம்பிலோ செய்ய வேண்டும், அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வுகள் இரண்டு வேண்டும், அதில் ஒன்று எஞ்சின்காரரின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்று குழு சொன்னது.

கடைசி நிபந்தனையைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். முன்னால் போகும் கப்பலை முந்துவதற்காக வால்வைக் கட்டிவைக்கும் ஆட்களை நினைத்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் பயணிகள் கப்பல்களை வருஷத்துக்கு இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்ற சட்டம் 1846ல்தான் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் போய்விட்டது.

மார்கேட் ஓட்டத்திலும் ஒரு விபத்து உண்டு. அதே 1817ன் கோடையில் 'ரீஜென்ட்' என்ற ஸ்டீமர் விட்ஸ்டபிள் ஊருக்கு எதிரே தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். இவ்வளவு நடந்தும் கூட்டம் குறையவில்லை.

அப்போ எத்தனை பேர் போயிருப்பாங்க? பணக்காரங்க மட்டுமா?

ஸ்டீமர் வருவதற்குச் சற்று முன், 1812–13 வாக்கில், நீர்வழியாக மார்கேட் வந்தவர்கள் வருஷத்துக்குப் பதினேழாயிரம் பேர் அளவில். 1830களின் நடுவில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபது வருஷத்தில் ஆறு மடங்கு. இறங்குகிறவர்களிடம் கட்டணம் வசூலித்ததால்தான் இந்தக் கணக்கு நமக்கு மிஞ்சியிருக்கிறது.

பணக்காரர்கள் மட்டும் வந்திருந்தால் இந்த எண்ணிக்கை வராது. கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைத்தன. கடைக்காரர், குமாஸ்தா, கைவினைத் தொழிலாளி எல்லாரும் குடும்பத்தோடு ஏறினார்கள். இதனாலேயே மேட்டுக்குடிகள் மார்கேட்டைப் பார்த்து முகம் சுளித்து, பிரைட்டன் போன்ற வேறு ஊர்களுக்கு நகர்ந்தார்கள். 'மார்கேட்டா? அங்கே கண்டவனும் வருகிறானே' என்ற தொனி அந்தக் காலத்துக் கேலிச்சித்திரங்களில் நிறைய உண்டு. ஊர் அதற்கெல்லாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கல்லாப்பெட்டி நிறைந்துகொண்டிருந்தது.

'புருஷன் படகு'ன்னு ஒண்ணு இருந்துச்சாமே, கிண்டல்தானே?

பேர் கிண்டல்தான், படகு நிஜம். மனைவியையும் பிள்ளைகளையும் கோடை முழுக்க மார்கேட்டில் வாடகை அறையில் தங்கவைத்துவிட்டு, கணவர் லண்டனில் வேலை பார்ப்பார். சனிக்கிழமை மத்தியானம் இந்த ஸ்டீமரில் ஏறி வருவார், திங்கள் காலை திரும்பிவிடுவார். கப்பல் வரும் நேரத்தில் இறங்குதுறை முழுக்கப் பெண்களும் குழந்தைகளும் நின்று கையசைப்பார்கள். வாரக்கடைசியை ஊருக்கு வெளியே கழிக்கும் பழக்கம் சாதாரண லண்டன்காரருக்கு வந்ததில் இந்தப் படகுக்கும் பங்குண்டு.

அப்படிச் சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை திரும்பியவர்களில் ஓவியர் டர்னரும் ஒருவர். சிறுவனாக இருந்தபோது இந்த ஊரில் கொஞ்ச காலம் படித்தவர். பிறகு ஸ்டீமரில் அடிக்கடி வந்து, துறைமுகத்தருகே திருமதி பூத் என்பவர் வீட்டில் தங்குவார். அவருடைய கடல் ஓவியங்களில் பாய்மரங்களுக்கு நடுவே ஒரு கரிய புகைக்கோடு தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். இன்று அதே கரையில் அவர் பேரில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. திறந்தது 2011ல்.

கப்பலிலிருந்து எங்க இறங்கினாங்க? பியர், ஜெட்டி ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மார்கேட்டில் பேர்கள் தலைகீழ். மற்ற ஊர்களில் இரும்புக் கால்களில் கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலத்தைத்தான் பியர் என்பார்கள். இங்கே பியர் என்றால் துறைமுகத்தை அணைத்து நிற்கும் கல் சுவர். 1808 புயலில் பழையது சேதமானதால் பொறியாளர் ஜான் ரென்னியின் வரைபடப்படி கட்டியது, 1815ல் முடிந்தது. இன்றும் நிற்கிறது. உல்லாசப் பாலத்தை உள்ளூர்க்காரர்கள் ஜெட்டி என்றே சொன்னார்கள். பழைய படங்களின் தலைப்பைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு எதற்கு? கடல் வற்றும் நேரத்தில் அந்தத் துறைமுகத்தில் தண்ணீரே இருக்காது, வெறும் சேறு. ஸ்டீமர் வெளியே நிற்கும். ஆட்களைத் துடுப்புப் படகில் மாற்றி ஏற்றிக் கரைசேர்க்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. நீண்ட கவுன் போட்ட பெண்கள் ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகில் இறங்குவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதைத் தீர்க்க 1824ல் ஏறக்குறைய 1100 அடி நீளத்துக்கு மரத்தில் ஓர் இறங்குதுறை கட்டினார்கள். துறைமுகக் கம்பெனித் தலைவராக இருந்த டாக்டர் ஜார்விஸ் பேரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதிலும் ஒரு கூத்து: கடல் பெருகும்போது அதன் ஒரு பகுதி தண்ணீரில் மூழ்கிவிடும். நுனிவரை உலாவப் போனவர்கள் திரும்ப வழியில்லாமல் நின்றதுண்டு.

அதற்குப் பதிலாக யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர் இரும்பில் கட்டிய ஜெட்டி 1855ல் திறக்கப்பட்டது. கடல்தரையில் திருகாணியைப் போல முறுக்கி இறக்கும் இரும்புத் தூண்கள் மேல் நின்றது. பின்னாளில் பிரைட்டன் உட்பட ஒரு டஜனுக்கு மேல் உல்லாசப் பாலங்களைக் கட்டிய பர்ச்சுக்கு அந்த வரிசையில் இதுதான் முதல்.

ரயில் வந்ததும் ஸ்டீமர் படுத்திருக்கணுமே?

ரயில் 1846ல் மார்கேட்டுக்கு வந்தது. ஆனால் கான்டர்பரி, ராம்ஸ்கேட் என்று ஊர் சுற்றிக்கொண்டு வரும். கரையோரமாக நேர்வழி 1863ல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அவசரக்காரர்கள் எல்லாரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள். ஸ்டீமர் கம்பெனிகள் சில மூடின, சில ஒன்றோடொன்று சேர்ந்தன. 1824ல் தொடங்கிய ஜெனரல் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தாக்குப்பிடித்தது.

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். ரயிலோடு வேகத்தில் போட்டி போட முடியாது என்று தெரிந்ததும் ஸ்டீமர் வேறு ஒன்றை விற்க ஆரம்பித்தது. மேல்தளத்தில் பேண்ட் வாத்தியம், கீழே சாப்பாட்டுக் கூடம், பீர், காற்று, வெயில், இரண்டு பக்கமும் லண்டன் துறைமுகத்துக்கு வரும் உலகத்துக் கப்பல்கள். மார்கேட்டில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், திரும்ப ஏறிவிட வேண்டும். அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. போய்ச் சேர்வதற்காகக் கப்பல் ஏறிய காலம் முடிந்து, கப்பல் ஏறுவதற்காகவே மார்கேட் போகும் காலம் வந்துவிட்டது. ரயில் வந்த பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது இதனால்தான்.

ப்ரொப்பெல்லர் வந்த பிறகும் ஏன் பக்கத்துல சக்கரத்தையே வச்சிருந்தாங்க?

ஆழமில்லாத கடல், வழி நெடுக இறங்குதுறைகள், பெரிய கூட்டம். மூன்றுக்கும் சக்கரம்தான் பொருத்தம். சக்கரக் கப்பல் தண்ணீருக்குள் அதிகம் அமிழாது, மணல்திட்டு நிறைந்த முகத்துவாரத்தில் தைரியமாகப் போகும். சடாரென்று நிற்கும், சடாரென்று கிளம்பும். ஒரே நாளில் நாலைந்து துறைகளில் ஒட்டி ஒட்டிப் போகிற கப்பலுக்கு அது முக்கியம். சக்கரப்பெட்டிக்காகப் பக்கவாட்டில் தளத்தை அகலப்படுத்துவதால் உட்கார இடமும் கூடுதலாகக் கிடைக்கும்.

குறையும் உண்டு. ஏதாவது வேடிக்கை பார்க்கக் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் ஓடினால் கப்பல் சாயும். ஒரு சக்கரம் ஆழத்தில் திணறும், மற்றது காற்றில் சுற்றும். அலை பெரிதானாலும் இதே கதை.

'பிரின்சஸ் ஆலிஸ்' மூழ்கிச்சே, அது மார்கேட் கப்பல்தானே?

அன்றைக்கு அது மார்கேட்டிலிருந்து வரவில்லை. 1878 செப்டம்பர் 3 மாலை, ஷீர்னஸ் போய்விட்டுக் கிரேவ்ஸெண்ட் வழியாக லண்டன் திரும்பிக்கொண்டிருந்தது. வூல்விச் அருகே 'பைவெல் காஸில்' என்ற நிலக்கரிக் கப்பல் மோதி, சில நிமிஷங்களில் உடைந்து மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக. லண்டனின் சாக்கடைக் கழிவை நதியில் திறந்துவிட்ட இடம் அது. நீந்தத் தெரிந்தவர்களைக்கூட அந்தத் தண்ணீர் விடவில்லை.

'கோஹினூர்'னு ஒரு ஸ்டீமர் இருந்துச்சாமே? நம்ம நாட்டுக் கப்பலா?

பேர் மட்டும்தான் இந்தியா. 1892ல் கிளாஸ்கோ பக்கத்தில் கட்டிய கப்பல். விக்டோரியா மகாராணியின் வைரத்தின் பேரை வைத்துவிட்டால் சரக்குக்குத் தானாக மவுசு வந்துவிடும் என்ற கணக்கு. அடுத்த வருஷம் 'ராயல் சாவரின்', அதற்கடுத்த வருஷம் 'லா மார்கரீட்' என்று பெரிது பெரிதாக வந்தன. லா மார்கரீட் மார்கேட்டோடு நிற்காமல் பிரான்ஸின் பூலோன் வரை ஒரே நாளில் போய்த் திரும்பியது. ஆனால் கரியை அப்படித் தின்றது. கட்டுப்படியாகாமல் 1904ல் வட வேல்ஸ் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

புகைபோக்கியை மடக்கற கப்பல்னு படத்துல பார்த்தேன். உண்மையா?

மடக்குவது இல்லை, உள்ளே இழுத்துக்கொள்வது. 1925ல் வந்த 'கிரெஸ்டட் ஈகிள்'. பழைய தொலைநோக்கியைப் போலப் புகைபோக்கியை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிடலாம். லண்டன் பாலத்துக்கு அடியில் நுழைந்து, பாலத்துக்கு மேற்கே இருந்த துறையிலேயே ஆட்களை ஏற்ற அந்த ஏற்பாடு. தேம்ஸ் சக்கரக் கப்பல்களில் கரிக்குப் பதிலாக எண்ணெயில் ஓடிய முதல் கப்பலும் இதுதான். புகை குறைவு, வெள்ளைச் சட்டைக்கு நல்லது.

டன்கிர்க் மீட்புல இந்த உல்லாசக் கப்பல்கள் போனது நிஜமா?

நிஜம். இரண்டாம் உலகப் போரில், 1940 மே கடைசியில், ஜெர்மானியர்களிடம் சிக்காமல் பிரான்ஸின் டன்கிர்க் கரையில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், நேச நாட்டுப் படைகளைக் கொண்டுவர, இந்தக் கோடைக் கப்பல்கள் பலவும் போயின. ஆழமில்லாத கரைக்கு ஒட்டிப் போகக்கூடியவை என்று மேலே சொன்னேனே, அந்தக் குணம் இங்கே உயிர்களைக் காப்பாற்றியது. 'மெட்வே குவீன்' ஏழு முறை போய் ஏறக்குறைய 7000 பேரைக் கொண்டுவந்தது. மீட்கப்பட்டவர்களில் ஏராளமானோர் இறங்கியது அதே மார்கேட் துறையில்தான். ஒரு வருஷத்துக்கு முன்புவரை பேண்ட் வாத்தியத்தோடு ஆட்கள் இறங்கிய இடம்.

'ராயல் டாஃபடில்' 1939ல் வந்த புதுக் கப்பல், சக்கரமோ நீராவியோ இல்லாத மோட்டார் கப்பல். குண்டு ஒன்று அதன் தளங்களைத் துளைத்துப் பக்கவாட்டில் வெளியேறியது. மாலுமிகள் கனமான சாமான்களை எல்லாம் எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்திக் கப்பலைச் சாய்த்து, ஓட்டையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, மெத்தைகளால் அடைத்து ஓட்டிவந்தார்கள்.

கிரெஸ்டட் ஈகிளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மே 29 அன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் குண்டு விழுந்து தீப்பிடித்தது. கரையில் ஏற்றி நிறுத்தினார்கள், ஆனாலும் முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். டன்கிர்க்குக்குக் கிழக்கே கடல் நன்றாக வற்றும் நாட்களில் அதன் இரும்பு எலும்புகளை இன்றும் பார்க்கலாம்.

சரி, எப்ப நின்னுச்சு? யாரால?

1966 கோடையோடு. போருக்குப் பிறகு புது 'ராயல் சாவரின்', புது 'குவீன் ஆஃப் த சேனல்' என்று மோட்டார் கப்பல்கள் வாங்கிப்போட்டுத் தாக்குப்பிடிக்கத்தான் பார்த்தார்கள். 1950களில் கார் வாங்கும் குடும்பங்கள் கூடின, அப்புறம் விமானத்தில் ஸ்பெயின் போகும் மலிவுப் பயணங்கள் வந்தன. கோடையில் நாலு மாசம் மட்டும் சம்பாதித்து, மீதி எட்டு மாசம் கட்டிக்கிடக்கும் கப்பலுக்கு இரண்டு மழைக்காலக் கோடைகள் வந்தாலே கணக்கு உதைக்கும்.

ரயிலால் முடியாததைக் கார் எப்படிச் செய்தது என்று நண்பன் மடக்கினான். ரயில் எடுத்துக்கொண்டது பயணத்தை மட்டும், நாள் முழுக்கச் சுற்றிவரும் உல்லாசத்தை இல்லை. காரோ அந்த உல்லாசத்தையே எடுத்துக்கொண்டது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த விளக்கம் இது, ஒப்புக்கொள்ளாதவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

ஜெட்டியை ஏன் இப்போ காணோம்?

பாதுகாப்பில்லை என்று 1970களின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். 1978 ஜனவரி 11 இரவுப் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. நுனிப்பகுதி மட்டும் கரையோடு தொடர்பற்ற தீவாக வருஷக்கணக்கில் கடலில் நின்றது. வெடிவைத்துப் பார்த்தும் அது சீக்கிரத்தில் அசைந்துகொடுக்கவில்லை.

இப்போ அந்த மாதிரி கப்பல்ல ஏற முடியுமா?

'வேவர்லி'யில் ஏறலாம். 1946ல் ஸ்காட்லாந்தில் நீரில் இறக்கிய கப்பல். கடலில் பயணிகளை ஏற்றி ஓடும் சக்கரக் கப்பல்களில் உலகத்திலேயே கடைசி. அதே பேரில் டன்கிர்க்கில் மூழ்கிய பழைய கப்பலுக்குப் பதிலாகக் கட்டியது. 1974ல் ஒரே ஒரு பவுண்டுக்கு ஆர்வலர் சங்கத்துக்குக் கைமாறியது. கோடை முடியும் தறுவாயில் தேம்ஸ் பக்கம் வரும் வழக்கம் உண்டு, அந்தந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்வே குவீன் கென்ட்டிலேயே ஜில்லிங்ஹாமில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஓடாது, ஏறிப் பார்க்கலாம்.

வேவர்லியில் ஏறினால் முதலில் எஞ்சின் அறைப் பக்கம் போங்கள். திறந்தே வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புக் கைகள் எண்ணெய் பளபளக்க முன்னும் பின்னும் போய்வருவதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சித்தப்பா அங்கிருந்து முக்கால் மணி நேரம் நகரவில்லை, கடலைப் பார்க்கவே மறந்துவிட்டார்.